கஷாயமும் மாத்திரையும் சண்டைக்காரர்கள் அல்ல

(லெம்பா பெர்த்தாமில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘உணவு, மூலிகை, இதயம்’ என்ற தலைப்பில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. சித்த வைத்தியரும் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் நின்று கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டவள். ஆனால் ஒரு வசதி எனக்கு உண்டு. இதய நோய் நிபுணரும் என் எதிரே உட்கார்ந்து பேசுகிறார். மூலிகை வைத்தியரும் பேசுகிறார். அவர்கள் போன பிறகு நேயர்கள் அழைக்கிறார்கள். அந்த அழைப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: “தங்கச்சி, பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு கஷாயம் குடிக்கலாமா?”

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இதைக் கேட்பவர்களை அறியாதவர்கள் என்று நான் நினைப்பதில்லை. நம் பாட்டிமார்கள் வெந்தயத்தையும் பூண்டையும் வைத்தே குடும்பங்களைக் காப்பாற்றியவர்கள். அந்த நம்பிக்கை வீண் நம்பிக்கை அல்ல. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொண்டு பசார் மாலாமில் கடை விரிப்பவர்களும், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர்களும் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

2022ஆம் ஆண்டில் மருத்துவர் உறுதிப்படுத்திய மரணங்களில் இந்நாட்டில் முதலிடம் பிடித்த காரணம் இதய ரத்தக்குழாய் நோய். அதன் பங்கு 16.1 விழுக்காடு. இனி இனிப்பு நீரின் கணக்கைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டுச் சராசரி 15.6 ஆகக் குறைந்தது. ஆனாலும் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பும், 33.3 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு மிகுதியும் இருந்தன.

இன்னொரு கணக்கும் உண்டு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய நிபுணர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ‘இன்டர்ஹார்ட்’ என்று பெயர்; 2004இல் வெளிவந்தது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு சுமார் 59 வயதில் வருகிறது என்று அந்த ஆய்வின் விவரங்கள் காட்டின. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். அந்த ஆறு வருடத்தில்தான் மகள் திருமணம், மகன் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கின்றன!

அதே ஆய்வு ஆறுதலான செய்தியையும் சொன்னது. மாரடைப்புகளில் சுமார் 90 விழுக்காட்டை ஒன்பது காரணங்களைக் கொண்டே விளக்கிவிடலாம். புகை, கெட்ட கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் போதாமை, உடலுழைப்பு இன்மை, மது தொடர்பான பழக்கம். இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை நம் கைக்குள் இருப்பவை. ‘முழுமையான பார்வை’ என்று சொல்கிறார்களே, அது இதுதான். தட்டு, நடை, தூக்கம், மனம், மருந்து எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பது. தட்டை மட்டும் பார்த்து மருந்தை விடுவதும் முழுமை ஆகாது. மருந்தை விழுங்கிவிட்டுத் தட்டை மறப்பதும் முழுமை ஆகாது.

ஒரு மைலோ டின்

இதே மலையில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம். ஐயா காய்கறி லோரி ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய மனைவி உள்ளே போய் ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்து என் முன்னால் கவிழ்த்தார். மூன்று மாத மாத்திரைகள், அட்டை அட்டையாக. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

ஏன் ஐயா நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “அந்த மாத்திரை போட்டதிலேருந்து வறட்டு இருமல் பிள்ளை. ராத்திரி தூக்கமில்ல. அப்பதான் சந்தையில ஒருத்தர் சொன்னாரு, மாத்திரை கிட்னியைக் கெடுத்திடும், இந்த மூலிகைத் தூளைக் குடிங்கன்னு.” குடித்தார். மூன்றாவது மாதம் விடியற்காலையில் நெஞ்சில் பாறாங்கல் வைத்ததுபோல் வலி. வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்திருந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இப்போது லோரி ஓட்ட முடியாது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் சொன்ன வறட்டு இருமல் கற்பனை அல்ல. ‘பெரிண்டோபிரில்’ போன்ற ஒரு வகை ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுப்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அந்த இருமலைத் தராத வேறு மாத்திரைகள் உள்ளன. கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போய்விடுமே என்ற கவலை. ‘டாக்டர் திட்டுவாரோ’ என்ற தயக்கம். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தின் வருமானத்தை முடக்கிப்போட்டன.

கிட்னி விஷயத்திற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டுப்படாத ரத்தக் கொதிப்பும் கட்டுப்படாத இனிப்பு நீரும்தான் கிட்னியை அதிகமாகக் கெடுப்பவை. அவற்றை அடக்கி வைக்கும் மாத்திரை கிட்னியைக் காப்பாற்றவே கொடுக்கப்படுகிறது. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாத்திரையும் செடியிலிருந்து வந்ததுதான்

“மாத்திரை கெமிக்கல், மூலிகை இயற்கை” என்று ஒரு பேச்சு இருக்கிறது. இது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

நம் இந்திய மண்ணிலேயே சர்ப்பகந்தி என்ற செடி உண்டு. அதன் வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் மும்பை இதய நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அளந்து, குறித்து, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் ‘சிபா’ நிறுவனம் அந்த வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

நமக்குப் பெருமைதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ரெசர்பின் உலகமெங்கும் கொடுக்கப்பட்டபோது, அளவு கூடினால் சிலருக்குக் கடும் மனச்சோர்வு வருவதைக் கண்டார்கள். அளவைக் குறைத்தார்கள். பின்னர் பக்கவிளைவு குறைந்த மாத்திரைகள் வந்தபோது அது பின்னுக்குப் போனது. செடியின் நன்மையும் அளந்து பார்த்ததால் தெரிந்தது. தீமையும் அளந்து பார்த்ததால்தான் தெரிந்தது.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. கிராமத்து மூதாட்டி ஒருவர் உடல் வீக்கத்திற்கு இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்த்து ரகசியமாக ஒரு மருந்து கொடுத்து வந்தார். வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அதில் வேலை செய்வது ‘ஃபாக்ஸ்குளோவ்’ என்ற ஒரே செடி என்று கண்டுபிடித்தார். பத்து ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்து 1785இல் புத்தகம் எழுதினார். அந்தச் செடியின் இனத்திலிருந்து கிடைத்த பொருள்தான் ‘டிகாக்சின்’ என்ற பெயரில் இன்றும் இதய மருந்தாக உள்ளது. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையில் அதற்கு இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. நம் வீட்டு வாசலில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நிற்கும் அரளியிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது. அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். இயற்கை என்பதற்காக யாராவது அரளியை அரைத்துக் குடிப்போமா?

நீங்கள் தினமும் விழுங்கும் மற்ற மாத்திரைகளையும் பாருங்கள். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின், ஐரோப்பாவில் ‘கலேகா’ என்ற செடியை ஆராய்ந்ததன் வழியாகப் பிறந்தது. ஆஸ்பிரினுக்கு மூலக்கதை வில்லோ மரப்பட்டை. கொழுப்பைக் குறைக்கும் ‘ஸ்தாதின்’ வகை மாத்திரைகளின் முன்னோடியை, ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து 1970களில் கண்டுபிடித்தார்.

ஆகவே சண்டை மாத்திரைக்கும் மூலிகைக்கும் இடையில் இல்லை. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. கஷாயத்தில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரே செடியாக இருந்தாலும் மண், பருவம், வேரின் வயது, கொதிக்க வைக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் பலம் மாறும். இங்கே தேயிலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும், மழைக்கால இலைக்கும் வெயில்கால இலைக்கும் சுவை ஒன்றாகவா இருக்கிறது? மூலிகையும் அப்படித்தான்.

அடுப்படியில் இருப்பவை

அப்படியானால் நம் அடுப்படி மருந்துகளை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டாம். அவற்றுக்குரிய இடத்தில் வைக்க வேண்டும்.

பூண்டு கொதிப்பையும் கொழுப்பையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் உள்ளன. ‘ஓரளவு’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சமையலில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் பூண்டு மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறைவது தாமதமாகலாம்.

வெந்தயத்தில் உள்ள நார்ச்சத்து சர்க்கரை மெதுவாக ஏற உதவுகிறது. நல்லது. ஆனால் இனிப்பு நீர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வெந்தயத் தூளையும் அதிகமாகச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிப் போகலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் கவனியுங்கள்.

மருதம்பட்டை இதயத்திற்கென்று நம் வைத்திய முறைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் அளவுக்குச் சான்று இல்லை.

அதிமதுரம்! இந்தக் குளிரில் சளிக்கும் தொண்டைக்கும் வாயில் போட்டுச் சுவைக்கிறோம். ஆனால் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் அது ரத்தக் கொதிப்பை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும், இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். கொதிப்பு உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது.

கொதிப்பு குறையும் என்று ‘பெலிம்பிங்’ பழச்சாறு குடிப்பவர்கள் நம்மில் உண்டு. கிட்னி பலவீனமானவர்களுக்கு அந்த நட்சத்திரப் பழம் விஷம். தீராத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டு போகும். இனிப்பு நீர் நீண்ட காலம் இருப்பவருக்குக் கிட்னி எந்த நிலையில் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் அந்தச் சாற்றைக் கொடுக்காதீர்கள்.

இனி லெம்பா பெர்த்தாம்காரர்களுக்கென்றே ஒரு செய்தி. இங்கே கீரைக்குப் பஞ்சமில்லை. கோபிஸ், சாவி, பாயாம், நீர்க்கீரை எல்லாம் வாசலிலேயே கிடைக்கின்றன. செயற்கை வால்வு வைத்தவர்களும், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள் சிலரும் ‘வார்ஃபரின்’ என்ற மாத்திரை எடுப்பார்கள். ரத்தம் கட்டிப் போகாமல் இருக்க அது கொடுக்கப்படுகிறது. பச்சைக் கீரைகளில் உள்ள வைட்டமின் ‘கே’ அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விட வேண்டாம். ஒரு வாரம் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டு, மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் ஆபத்து. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். மாத்திரை அளவை டாக்டர் அதற்கேற்பச் சரிசெய்வார்.

மலை இறங்கினால் ஈப்போ, தம்புன் பக்கம் பம்ளிமாஸ் குவிந்து கிடக்கும். அதன் உறவுக்காரப் பழமான ‘கிரேப்ஃப்ரூட்’, சிம்வாஸ்தாதின் என்ற கொழுப்பு மாத்திரையின் அளவை உடலில் ஏற்றிவிடும்; தசைகள் பாதிக்கப்படலாம். பம்ளிமாஸ் பிரியர்களும் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

சந்தைப் பொட்டலங்களுக்கு வருவோம். ஒரே நாளில் மூட்டுவலி போகிறது, பசி எடுக்கிறது, முகம் பளபளக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ‘ஜாமு’, ‘மஜூன்’, மூலிகைத் தூள் என்று விற்கப்பட்ட பல பொருள்களில் ‘டெக்சாமெத்தசோன்’ என்ற ஸ்டீராய்டு மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளார்கள். அந்த மருந்து வலியை மறக்கடிக்கும். கூடவே சர்க்கரையையும் கொதிப்பையும் ஏற்றும்.

ஆண்களுக்கென்று விற்கும் ‘தொங்காட் அலி’ காப்பிப் பொட்டலங்கள் சிலவற்றில் ‘சில்டெனாஃபில்’ வகை மருந்து கலந்திருந்ததும் வெளிவந்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர் அந்தக் காப்பியைக் குடித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அண்ணன்மார்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

பாரம்பரிய மருந்து வாங்கினால் அட்டையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கி ‘டி’ என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார அமைச்சின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை அமைப்பு வழங்கும் எண் அது. அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். வைத்தியர்களுக்கும் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் அதில் அடங்கும். நல்ல வைத்தியர் “மாத்திரையைத் தூக்கிப் போடு” என்று சொல்ல மாட்டார். அப்படிச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தேநீரும் தட்டும்

இந்த மலைக்கு 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தேயிலைத் தோட்டம் போட்டதிலிருந்து நம் மக்களின் வியர்வை இங்கே கலந்திருக்கிறது. அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கினார்கள். சோறு அதிகம் சாப்பிட்டார்கள். உழைப்பில் அது எரிந்துபோனது. இன்று நமக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, லோரி இருக்கிறது, உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது. சோற்றுத் தட்டின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவாகவே இருக்கிறது!

தேநீர் இதயத்திற்கு நல்லதா? 2022இல் பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் குடித்தவர்களில் மரண ஆபத்து 9 முதல் 13 விழுக்காடு குறைவாக இருந்தது. தேநீரால்தான் குறைந்தது என்று அது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். ஆக, தேநீர் நம் எதிரி இல்லை. அதில் ஊற்றும் கெட்டிப்பாலைக் கவனியுங்கள். அந்தப் பாலில் ஏறத்தாழ பாதி சீனி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வை, முடிந்தால் 25 கிராமுக்குக் குறை என்கிறது. நாளைக்கு நான்கு ‘தே தாரேக்’ குடித்தால் கணக்கு எங்கே நிற்கும்? ‘தே ஓ கோசோங்’ கேட்டுப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். ரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு தேநீர் குடிக்காதீர்கள். இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். இடைவெளி விட்டுக் குடியுங்கள்.

உப்பு இன்னொரு வில்லன். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவதாக அமைச்சின் ஆய்வு கண்டது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ், மாகி மீ. குளிருக்கு இதமாகத்தான் இருக்கும். கருவாட்டை வாரத்துக்கு ஒருநாள் ஆக்குங்கள். வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

தட்டுக்கு நம் அமைச்சு சொல்லும் எளிய வழி ‘சுக்கு சுக்கு செப்பாரோ’. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறி பழம். நாட்டுக்கே காய்கறி அனுப்பும் மலை இது. லோரி லோரியாகக் கீழே போகிறது. நம் தட்டில் மட்டும் ஓரமாக இரண்டு கரண்டி இருந்தால் அது நியாயமா? நன்றாகக் கழுவி, பாதித் தட்டை நிரப்புங்கள். தேங்காய்ப்பாலை விசேஷ நாளுக்கு வையுங்கள். அன்றாடக் குழம்புக்குப் பருப்பும் புளியும் போதும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் உண்டு, 95ஆவது. அதன் பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண், அளவோடு உண், நோயின் காரணத்தை ஆராய் என்பவையே அதில் உள்ளன. கடைசிக் குறளில் வள்ளுவர் நான்கு பேரைச் சேர்க்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நான் மேலே சொன்ன ஐயாவின் மனைவிக்கு அந்த மைலோ டின் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாமார்களே, அப்பாவின் மாத்திரை டப்பாவை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த நான்காவது ஆள் நீங்கள்தான்.

புகையும் சம்சுவும் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. அவை தொடர்ந்தால், நான் இதுவரை சொன்ன கீரையும் வெந்தயமும் கைகொடுக்காது. மன உளைச்சலும் அந்த ஒன்பது காரணங்களில் ஒன்று என்பதை மறக்காதீர்கள். கடன் தொல்லையோ குடும்பத் தகராறோ இருந்தால் யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள்.

மலையில் நேரம்தான் உயிர்

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். நாம் இருப்பது மலையில். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்குச் சுமார் 13 கிலோமீட்டர். தாப்பாவுக்கு இறங்கினால் ஏறத்தாழ 45 கிலோமீட்டர், வளைவு வளைவாக. விடுமுறை நாள் நெரிசலும், மழையில் மண் சரிவும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டணத்துக்காரர் இரண்டு மணி நேரம் தாமதிப்பதும் நாம் தாமதிப்பதும் ஒன்றல்ல.

நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் வாயு என்று படுக்காதீர்கள். பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். 999க்கு அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் மிக நன்றாக வேலை செய்யும். பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அந்த நேரத்தில் இஞ்சிச்சாறு, பூண்டுப்பால் எதுவும் வேண்டாம்.

நாளைக் காலையில் செய்யக்கூடியவை நான்கு. ஒன்று, இந்த ஆண்டு கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு பார்க்காதவர்கள் கிளினிக்குக்குப் போய்ப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்காக 2019இல் தொடங்கிய ‘பெக்கா பி40’ இலவசப் பரிசோதனைத் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இரண்டு, போகும்போது மாத்திரைகளோடு நீங்கள் குடிக்கும் தூள், கஷாயம், காப்பிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். மூன்று, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல் உடனே சொல்லுங்கள், மாற்று உண்டு. நான்கு, இன்றிரவே பாதித் தட்டில் காய்கறி வையுங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் பண்ணை முதலாளிகளுக்கும் இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். கிளினிக் நாளில் தொழிலாளியின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அரை நாள் கூலி உங்களுக்குச் சிறிய தொகை. மாத்திரை வாங்கப் போகாமல் அவர் விழுந்துவிட்டால் குடும்பத்துக்கு ஆகும் நட்டத்தை எந்த நிர்வாகமும் ஈடுசெய்ய முடியாது.

 டாக்டரிடமும் வைத்தியரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே எழுதித் தாருங்கள், அடுத்த பகுதியில் அவர்களிடமே கேட்டுவிடுவோம்.